நாற்பத்தொரு முட்டையில் பதினாறு

அடுத்த சனிக்கிழமைக்குள் ஜப்பான் பாஷையும் ஸ்பானியப் பாஷையும் தெரிந்த ஒரு ஆளை மடுல்சீமையில் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும் என்று துரை சொன்னார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

கிளாக்கர் இராசையா மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்களே மூன்று பேர். ஒருவர் துரை, ஒருவன் அவன், மூன்றாமவர் டிஸ்பென்சர். டிஸ்பென்சருக்கும் மருந்துகளின் பெயர் மட்டும்தான் தெரியும்.

"சார், அப்படி ஒரு ஆள் கொழும்பிலேயே இருப்பானா என்று தெரியவில்லை."

"கொழும்புக்கு எழுதினால் அவர்கள் ஆளைத் தேடி அனுப்ப மூன்று வாரம். பெரு தேசத்துக் கனவான் எட்டு நாளில் வந்துவிடுவார். நீ காலேஜில் படித்தவன்தானே. தேடு."

மேசைமேல் நீல அட்டை போட்ட புத்தகம் ஒன்று கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜப்பான் பண்டிதர் வந்து தோட்டத்தில் ஐந்து வாரம் தங்கிப் போனார். ஜனங்கள் என்ன உண்கிறார்கள், எத்தனை பேர் ஓர் அறையில் உறங்குகிறார்கள், எத்தனை பிறக்கிறது, எத்தனை போகிறது என்று எண்ணிப் பார்க்கும் சமூக சாஸ்திரம் ஒன்று அவர் தேசத்தில் புதிதாகக் கிளம்பியிருந்தது. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறை விடாமல் காம்பரா காம்பராவாக நுழைந்து சோற்றுச் சட்டியைத் திறந்து பார்த்தார். யாருடனும் அவருக்குப் பேசத் தெரியவில்லை. விரலைக் காட்டினார், படம் வரைந்தார், இராசையாவின் பிறப்பு இறப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். எல்லாரையும் வணங்கிவிட்டுப் போனார்.

அது புத்தகமாகிக் கடலைச் சுற்றி, பெரு என்ற தேசத்தில் பெரிய பண்ணை வைத்திருக்கும் ஒரு கனவானின் கைக்குப் போய், அவர் எழுதிய கடிதத்தோடு மடுல்சீமைக்கே திரும்பி வந்திருந்தது. இதை ஸ்பானியப் பாஷையில் ஆக்கி வையுங்கள், நான் நேரில் வந்து படித்துவிட்டுப் பேசுகிறேன் என்று கடிதம் சொன்னது. வேறொன்றும் சொல்லவில்லை.

வேறொன்றும் சொல்ல வேண்டியதுமில்லை. வெளியூர்த் துரை ஒருவர் தோட்டத்துக்கு வருகிறார் என்றால் கூலிக்கு ஆள் பிடிக்கத் தலை எண்ணத்தான் வருவார். இதில் துரைக்குச் சந்தேகமில்லை. இராசையாவுக்கும் இல்லை. ஜெர்மன் சண்டை முடிந்து தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷம் அது. வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அறுபது பேரைக் கப்பலேற்றிவிட்டால் அறுபது பேரின் அரிசி மிச்சம். கடிதம் வந்த அன்றே துரை பட்டியல் போட்டுவிட்டார். ஐந்தாம் லயம், ரெங்கசாமி கங்காணியின் கூட்டம், முழுதாக.

"சார், அந்தப் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா?"

"யார் பெயர்?"

"மூன்றாம் காம்பரா, பாக்கியலெட்சுமி."

துரை அவனை நிமிர்ந்து பார்த்தார். இராசையா காரணத்தைச் சொன்னான். மாசி மாதம் அவன் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். அதே வாரம் பாக்கியலெட்சுமியின் குழந்தையும் போயிற்று. ஓர் இடத்தில் குழந்தை இருந்தது, ஓர் இடத்தில் பால் இருந்தது. டிஸ்பென்சர் இரண்டையும் சேர்த்து வைத்தார். ஐந்து மாதமாகக் குழந்தை தனலெட்சுமி அவளிடம்தான் குடிக்கிறது. டின் பால் கொடுத்தால் கக்குகிறது. ஆட்டுப்பால் கொடுத்தபோது இரண்டு நாள் பேதியாகிக் கண் செருகிவிட்டது.

"ஒன்றை எடுத்தால் கங்காணி இன்னொன்றை எடுக்கச் சொல்வான்," என்றார் துரை. "கூட்டம் என்றால் கூட்டம். கழுதைப்பால் கொடுத்துப் பார். குழந்தைகளுக்கு மிக நல்லது என்று என் தாயார் சொல்வதுண்டு."

மடுல்சீமையில் கழுதை கிடையாது என்று இராசையா சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனதும் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். பசறை வரை நடை. அங்கிருந்து மாட்டுவண்டி. பதுளைக் கடைவீதியில், ஊரார் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஜுனைதீன் பீங்கான் கடை வைத்திருந்தார். மாணிக்கக்கல் விற்கப் போன மாமனாரோடு கோபே பட்டினத்தில் நாலு வருஷம் இருந்தவர். கல் வியாபாரம் கவிழ்ந்து பீங்கானோடு ஊர் திரும்பினார். ஜப்பான் பாஷை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று பதுளை முழுக்கப் பேச்சு.

"நானா, உங்களுக்கு ஜப்பான் பாஷை தெரியும்னு சொன்னாங்க."

"தெரியுமாவா? என்ட மாமனார் மவுத்தான செய்தியையே நான் அந்தப் பாஷையிலதான் கேட்டேன். உக்காருங்கோ தம்பி."

இராசையா புத்தகத்தை விரித்து வைத்தான். ஜுனைதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"நல்ல அச்சு," என்றார்.

"என்ன எழுதியிருக்கு?"

"அதுதான் தெரியா."

"பாஷை தெரியும்னீங்களே."

"பாஷை வேற, எழுத்து வேற தம்பி. கோபேயில என்னோட பேசின ஆரும் எழுதிக் காட்டல்ல. பேசச் சொல்லுங்கோ, நாள் பூரா பேசுறேன்."

"புத்தகம் பேசாதே நானா."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்."

ஆனாலும் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசியில் கட்டம் கட்டமாக இருந்த ஒரு பட்டியலில் விரல் நின்றது.

"பொறுங்கோ. இது வாசிப்பேன். இது விலைச்சீட்டு எழுத்து. ஒண்டு, ரெண்டு, மூண்டு எல்லாம் தெரியும். இந்தா, அஞ்சாம் நம்பர்ல நாப்பத்தொண்டு. பக்கத்துல பதினாறு."

இராசையாவுக்கு அந்த எண்களைத் தெரியும். பதிவேட்டில் எழுதியவன் அவன்தான். ஐந்தாம் லயத்தில் பத்து வருஷத்தில் பிறந்தவை நாற்பத்தொன்று. அதில் ஒரு வயதைக் காணாமல் இறந்துபோனவை பதினாறு.

"கீழ அறை அறையாப் பிரிச்சிப் போட்டிருக்கான் போல. மூணாம் அறைக்கு ரெண்டு. திரும்பவும் ரெண்டு. அதுக்குப் பக்கத்துல ஒரு வட்டம்." ஜுனைதீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன சரக்குத் தம்பி இது? ரெண்டு வந்தீக்குது, ரெண்டும் போயீக்குது. கையிருப்பு ஒண்டுமில்ல."

"மூணாவதா ஒண்ணு வந்துச்சு," என்றான் இராசையா. "அது புத்தகம் அச்சான பிறகு. அதுவும் இல்ல."

ஜுனைதீனுக்கு விளங்கவில்லை. கோப்பி வரவழைத்தார்.

கோப்பியைக் குடிக்கும்போது இராசையாவுக்கு ஒன்று தோன்றியது. நாலு வருஷம் ஜப்பானில் இருந்தவருக்கே படிக்க முடியவில்லை என்றால் ஊவா மலை முழுக்க இதைப் படிக்கக்கூடியவன் ஒருவனும் இல்லை. அப்படியானால் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டியவன் தான்தான். இந்த ஆட்களை வைத்து ஒரு வேலையும் வாங்க முடியாது என்று பண்டிதர் எழுதியிருந்தால், எந்தத் துரை கப்பல் கூலி கொடுத்து ஏற்றிக்கொண்டு போவார்? ஐந்தாம் லயம் இருந்த இடத்தில் இருக்கும். மூன்றாம் காம்பராவும் இருக்கும்.

"நானா, ஸ்பானியப் பாஷை தெரிஞ்சவங்க யாராவது உண்டா?"

"ரெஸ்ட் ஹவுஸ் குசினியில இத்ரூஸ் ஈக்கிறான். மணிலாவுல சமைச்சவன். அவனுக்கு எழுத்தும் தெரியும்," என்றார் ஜுனைதீன், கொஞ்சம் வருத்தத்தோடு.

இத்ரூஸ் கப்பலில் சமையல் வேலைக்குப் போய், மணிலாவில் கப்பலைத் தவறவிட்டு, அங்கே ஒரு ஸ்பானிய வீட்டம்மாவிடம் ஆறு வருஷம் சமைத்தவர். வீட்டம்மா தினமும் சந்தைச் சாமான்களை வாயால் சொல்ல, அவர் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்து அப்படி வந்தது. இராசையா விஷயத்தைச் சொன்னதும் அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"பெரு துரை வர்ற அன்னிக்குப் பங்களாவில உங்கள சமைக்க வைக்கிறேன். துரைக்குப் பிடிச்சா அங்கேயே வேலை."

"அது போதும். ஆனா ஒண்டு முதல்லயே சொல்லிடுறேன், கிளாக்கர். என்ட ஸ்பானியம் குசினிக்குள்ளதான் நடக்கும். வாசப்படி தாண்டாது."

"பரவாயில்ல. எழுதுங்க. 'இந்த ஜனங்கள் மிகவும் பலவீனமானவர்கள். கொஞ்ச வேலையிலேயே துவண்டுவிடுவார்கள்.'"

இத்ரூஸ் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார். ஒரு பக்கம் முடிந்தது.

"இப்ப அதைத் தமிழ்ல படிங்க."

"'இதுகள் நல்ல பிஞ்சு. சீக்கிரம் வேகும். விறகு அதிகம் செலவாகா.'"

இராசையா தாளைத் தன் பக்கம் இழுத்தான். "இதைப் படிச்சா அறுபது பேர் இல்ல, அறுநூறு பேர் கேப்பாரு."

"பலவீனத்துக்கு எங்க வீட்டம்மா சொல்ற சொல்லு அதுதான். கத்தரிக்காய்க்குச் சொல்லுவா."

"அது வேணாம். 'சொன்ன பேச்சுக் கேட்க மாட்டார்கள், கலகம் செய்வார்கள்'னு எழுதுங்க."

இத்ரூஸ் எழுதிவிட்டுப் படித்தார். "'அடுப்ப அணைச்சாலும் கொதிக்குங்கள். மூடி வச்சாலும் பொங்குங்கள்.'"

"இது நல்லா இருக்கு. வச்சுக்குங்க. 'சோம்பேறிகள்'னு எழுத முடியுமா?"

"அந்தச் சொல்லா? ஆறு வருசம் அந்த வீட்டுல என்ட பேரே அதுதான்." அதை மட்டும் யோசிக்காமல் எழுதினார், இரண்டு தடவை.

வேலை மூன்று நாள் நடந்தது. இராசையா பதுளையிலேயே தங்கி, தினம் மத்தியானம் குசினிக்கு வந்து கண்ணில் பட்ட குறைகளையெல்லாம் சொன்னான். மழைக்கு ஒழுகும் கூரை, எட்டுப் பேருக்கு ஓர் அறை, கால் வீக்கம், பூச்சி, சோகை. பொய் சொல்ல உட்கார்ந்தவனுக்குப் பொய்யே தேவைப்படவில்லை. கடைசியில் பட்டியலுக்கு வந்தார்கள்.

"பிறக்கிற குழந்தைகள்ல எத்தனை சாகுதுன்னு இங்க வருது," என்றான்.

"அதுக்கெல்லாம் என்னட்டச் சொல்லு இல்ல. வேற மாதிரிக் கேளுங்கோ."

இராசையா யோசித்தான். "முட்டை வாங்குவீங்கல்ல. அதுல அழுகல் இத்தனைன்னு எழுதத் தெரியுமா?"

"அது நல்லாத் தெரியும். தினம் சண்டை."

"நாப்பத்தொரு முட்டை. அதுல பதினாறு."

இத்ரூஸ் எழுதுகோலை வைத்தார். "இது சமையல் புத்தகம் மாதிரிப் போகுது, கிளாக்கர். ஆனா எனக்குப் பசிக்கல்ல."

"எழுதுங்க நானா."

எழுதினார். இராசையா தோட்டத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் அழகாகப் படியெடுத்தான். ஒரு சொல்லும் விளங்காமல் எழுதுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. ஐந்து மாதமாக ஆபீஸ் வேலையையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான்.

வியாழக்கிழமை துரை தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"யார் மொழிபெயர்த்தது?"

பீங்கான் கடைக்காரர் ஒருவரும் சமையற்காரர் ஒருவரும் என்று சொன்னால் தாள்கள் குப்பைக்குப் போகும். துரை கொழும்புக்குத் தந்தி அடிப்பார். அங்கே உண்மையாகவே ஜப்பான் பாஷை தெரிந்த ஒருவன் இருந்து தொலைத்தால்?

"நான்தான் சார்."

"நீயா?"

"தேடிப் பார்த்தேன். யாரும் கிடைக்கவில்லை. அதனால் நானே செய்துவிட்டேன்."

"உனக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?"

"காலேஜில் கொஞ்சம்."

"ஸ்பானியமும்?"

"அதுவும் காலேஜில்தான் சார்."

துரை காலேஜுக்குப் போகாதவர். அங்கே என்னதான் கற்றுக் கொடுப்பார்கள் என்று அவருக்கு நிச்சயமில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

"இதை ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லை சார்."

"சரி. அடியில் எழுதிக் கையெழுத்துப் போடு. இரண்டு பாஷையும் எனக்கு நன்றாகத் தெரியும், இது நானே செய்த மொழிபெயர்ப்பு என்று. பொய் என்று தெரிந்தால் அன்றைக்கே மலையை விட்டு இறங்க வேண்டும், குழந்தையோடு. இன்னொன்று. எனக்கும் இங்கிலீஷில் ஒரு பிரதி வேண்டும். நாளைக்கு."

ஸ்பானியத்தில் இருப்பதை அப்படியே இங்கிலீஷில் எழுதினால் எல்லாம் துரையின் அடுப்பில் போய்விடும். இராசையா மறுநாள் காலைக்குள் வேறொரு புத்தகம் எழுதினான். அதில் ஐந்தாம் லயத்தார் அதிகாலையில் தாமாகவே எழுந்தார்கள். கொஞ்சம் உண்டார்கள், நிறையக் கொழுந்து எடுத்தார்கள். நோயென்று படுத்ததில்லை. துரையைத் தாயும் தகப்பனுமாக நினைத்தார்கள். முட்டை எதுவும் வரவில்லை.

துரை அதை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது போலிருந்தது.

"இவ்வளவு நல்ல ஆட்கள் என்று எனக்கே தெரியாதே," என்றார். "இதைப் படித்தால் அறுபது பேர் போதாது என்பார். ஆறாம் லயத்தையும் பட்டியலில் சேர்த்துவிடு."

இராசையா சேர்த்தான். இப்போது நூற்றுப் பதினெட்டுப் பேர்.

வெளியே ரெங்கசாமி கங்காணி தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஐயா, எங்க ஆளுங்களப் பத்தி ரொம்ப ஒசத்தியா எழுதிருக்கீங்களாம். தொரை கூப்புட்டுச் சொன்னாரு."

"புத்தகத்துல இருந்ததைத்தான் எழுதினேன்."

"எந்தப் புத்தகத்துல இருந்தா என்னங்க. நம்மளப் பத்தி ஒருத்தன் நல்ல வார்த்த எழுதுனது இதான் மொத தடவ. எல்லாருக்கும் சொல்லிட்டேன். பொட்டியெல்லாம் கட்டிக்கிட்டு இருக்காங்க."

"இதுக்குள்ளயா?"

"நாலு பேரு கோழிய வித்துட்டாங்க." கங்காணி குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒவ்வொரு காம்பராவுக்கும் ரெண்டு சன்னலாமே. நெசங்களா?"

இராசையா வீட்டுக்குப் போனான்.

மத்தியானக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பாக்கியலெட்சுமி வந்திருந்தாள். கூடையைப் படியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இராசையா வாசலிலேயே நின்றான்.

"எங்களக் கப்பல்ல அனுப்புறாங்களாமே, ஐயா."

"கங்காணி சொன்னாரா?"

"சோறு சும்மாவே போடுவாங்கன்னாரு."

"நம்புறியா?"

"இங்க கூட்டியாரப்பவும் அதத்தான் சொன்னாங்களாம். எங்கப்பன் சொல்லும்."

"போறியா?"

"போன்னா போறதுதானுங்களே. யாரு கேக்குறா." குழந்தையை மறுபக்கம் மாற்றினாள். "இத என்ன செய்யப் போறீங்க?"

"டின் பால் பழக்கணும்."

"பழகாதுங்க. வாயில வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிரும். எங்கொணம் வந்துருச்சு இதுக்கு." கொஞ்சம் பொறுத்து, "வேணும்னா எங்கிட்டயே குடுத்துருங்க. கொண்டுபோறேன். திருப்பிக் கேக்கக் கூடாது," என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

"நீ போக மாட்டே," என்றான் இராசையா. "நாளைக்குத் தெரியும்."

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பெரு தேசத்துக் கனவான் வந்து சேர்ந்தார். பசறை வரை மோட்டார், அப்புறம் குதிரை. மெலிந்த மனிதர், நரைத்த மீசை. பங்களா வாசலில் ஐந்தாம் லயமும் ஆறாம் லயமும் குளித்து எண்ணெய் வைத்து வரிசையாக நின்றன. அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அது இராசையாவுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

சாப்பாடு இத்ரூஸின் பொறுப்பு. "உள்ள போனா வாயைத் திறக்காதீங்க நானா," என்று இராசையா முதலிலேயே சொல்லியிருந்தான். "உங்களுக்கு ஸ்பானியம் தெரியும்னு தெரிஞ்சா ரெண்டு பேருமே போச்சு. துரையோட அவர் இங்கிலீஷ்லதான் பேசுவாரு. கேட்டுட்டு வந்து சொல்லுங்க." பிறகு குசினிக் கதவுக்கு வெளியே விறகுக் குவியலருகே நின்றுகொண்டான்.

இத்ரூஸ் சூப் கோப்பைகளோடு திரும்பி வந்தார்.

"படிக்கிறாரா?"

"ஒரு கையால சூப்பு, மத்தக் கையால படிப்பு. உப்புக் காணாதுன்னு தனக்குள்ள ஸ்பானியத்துல முனகினாரு. நான் செவிடன் மாதிரி நிண்டேன். உப்பு என்ட கையில ஈக்குது. முப்பது வருசத் தொழில்ல இப்பிடி ஒரு நாள் நிண்டதில்ல, கிளாக்கர்."

மீன் உள்ளே போயிற்று. முள் வெளியே வந்தது.

"சிரிக்கிறாரு."

"எந்த இடத்துல?"

"மூடி வச்சாலும் பொங்குற இடத்துல. இப்பிடி ஒரு சாஸ்திரப் புத்தகம் படிச்சதே இல்லன்னு தொரைக்கிட்ட சொன்னாரு. தொரை, ஓம், எங்க ஆளுகள் ரொம்ப நல்லவங்கன்னாரு."

ஆட்டிறைச்சி உள்ளே போயிற்று. வெகுநேரம் யாரும் வரவில்லை. வாசலில் வெயில் ஏறியது. வரிசையில் நின்ற ஒரு கிழவர் உட்கார்ந்துவிட, கங்காணி அவரை எழுப்பி நிறுத்தினார்.

இத்ரூஸ் தட்டுகளோடு வந்தார். ஒரு தட்டில் இறைச்சி வைத்தபடியே இருந்தது.

"முட்டைக்கு வந்துட்டாரு."

"சிரிச்சாரா?"

"கத்திய வச்சிட்டாரு. அந்தப் பக்கத்தத் திரும்பத் திரும்பப் படிச்சாரு. பொறகு ஜன்னலால வெளிய நிக்கிற சனத்தப் பாத்தாரு. இப்பதான் மொத தடவையாப் பாத்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் புட்டிங் கொண்டு வான்னாங்க."

புட்டிங்கைக் கொடுத்துவிட்டு இத்ரூஸ் ஓட்டமாகத் திரும்பி வந்தார். இந்தத் தடவை கையில் ஒன்றுமில்லை.

"தொரை பட்டியலை நீட்டினாரு. நூத்திப் பதினெட்டுன்னாரு. அவரு கையால தள்ளிட்டாரு. ஒரு ஆளும் வேணாமாம்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தரும் வேணாமாம். தொரை மொகம் செத்துப் போச்சு. கேக்கணும்னா நீங்களே கதவுக்கிட்ட வந்து கேளுங்கோ."

இராசையா போகவில்லை. விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தான். உதடு ஒரு தாலாட்டை முனகியது. மாசி மாதத்துக்குப் பிறகு தன் உடம்பில் ஏதாவது ஒன்று தானாக அசைவதை அவன் இப்போதுதான் கவனித்தான். வரிசை கலைந்ததும் கீழே வீட்டில் குழந்தை குடித்துவிட்டுத் தூங்கும். லயத்தார் கட்டிய பெட்டிகளைச் சாயங்காலம் அவிழ்ப்பார்கள். கோழி விற்றவர்கள் திட்டுவார்கள். கங்காணி ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். பேசாவிட்டால் போகிறது. நாளைக்கு மத்தியானமும் படியில் ஒரு கூடை இருக்கும்.

இத்ரூஸ் கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் ஓடவில்லை. தட்டைக் கீழே வைத்துத் துணியால் கையைத் துடைத்தார். பிறகு அதே துணியால் மறுபடியும் துடைத்தார்.

"உங்களத்தான் உள்ள கூப்புடுறாங்க."

"எதுக்கு நானா? அதுதான் ஆள் வேணாம்னுட்டாரே."

"அந்த மனுசன் கூலிக்கு ஆள் எடுக்க வரவே இல்ல, கிளாக்கர், அவர்ட பண்ணையில அறுநூறு ஜப்பான்காரன் ஈக்கிறானாம், அவனுகளோட பேச ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒரு ஆள் கிடைக்காமத்தான் அந்தப் பண்டிதன் தங்கின தோட்டத்துக்கு இந்தப் புத்தகத்த அனுப்பிப் பாத்தாராம், திங்கக்கிழமைக் கப்பல்ல உங்கள ஏத்தி விடுறேன்னு தொரை கை குடுத்திட்டாரு."